ஒரு ராத்திரி தங்கினால் ஊர்க்காரர்!

நத்தை தன் வீட்டை முதுகிலே சுமந்துகொண்டு போகிறது. "உன் விலாசம் என்ன?" என்று அதை யாரும் கேட்பதில்லை. ஆனால், அமெரிக்காவில் வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிற மனிதர்களை எல்லோரும் கேட்கிறார்கள். பாங்கி கேட்கிறது; இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கிறது; ஓட்டுச் சாவடி கேட்கிறது.

'ஆர்.வி.' என்று அங்கே சொல்லப்படும் வண்டிக்குள் படுக்கை இருக்கும், அடுப்பு இருக்கும், குளிக்க அறையும் இருக்கும். குளிர் காலத்தில் அரிசோனா பாலைவனம். வெயில் ஏறினால் வடக்கே மலைப் பக்கம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, வீட்டை விற்றுவிட்டு, ஊர் பார்க்கக் கிளம்பிய தம்பதிகள் இவர்களில் உண்டு. 2008 நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் பறிகொடுத்து, வேறு வழியின்றி வண்டியில் ஏறிய முதியவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கூட்டத்தாரைப் பற்றித்தான் ஜெஸிக்கா புரூடர் 2017-ல் 'நோமட்லாண்ட்' என்ற புத்தகத்தை எழுதினார். அதன் படம் 2021-ல் ஆஸ்கார் பரிசு பெற்றது.

ஊர் சுற்றலாம், ஆனால் சட்டம் சுற்ற விடாது. ஒருவருக்கு எத்தனை வீடு வேண்டுமானாலும் இருக்கலாம். சட்டப்படியான இருப்பிடம், அதாவது 'டொமிசைல்', ஒன்றுதான் இருக்க முடியும். டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு, வரி, உயில், ஓட்டு எல்லாம் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. வண்டியில் வாழ்பவருக்கு அது தானாக அமைவதில்லை. அவர் ஐம்பது ராஜ்யங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்!

பெரும்பாலோர் போய் விழுவது மூன்று ராஜ்யங்களில்: தெற்கு டகோடா, டெக்ஸாஸ், புளோரிடா. மூன்றிலும் ராஜ்ய வருமான வரி கிடையாது. மூன்றிலும் தபால் வாங்கி, போகுமிடத்துக்கு அனுப்பிவைக்கும் தொழில் நன்றாக நடக்கிறது. டெக்ஸாஸில் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில், 1978-ல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்னும் வண்டிவாசிகள் சங்கம் இருக்கிறது. ஊரையே காணாத ஆயிரக்கணக்கானோருக்கு அந்த ஊர்தான் விலாசம். புளோரிடாவில், "இதுவே என் நிலையான இருப்பிடம்" என்று உறுதிமொழி எழுதிக் கோர்ட்டு அலுவலகத்தில் பதிவு செய்யலாம்.

எல்லாவற்றிலும் சுலபம் தெற்கு டகோடா. அங்கே ஒரு தபால் விலாசம் பிடித்து, ஓட்டலிலோ கூடார மைதானத்திலோ ஒரே ஒரு ராத்திரி தங்கி, ரசீதை நீட்டினால் லைசென்ஸ் கிடைக்கும். வண்டி வாங்கும் வரி 4 சதவீதம், டெக்ஸாஸில் 6.25. வண்டியின் விலை லட்சம் டாலர் என்றால் வித்தியாசம் சிறியதல்ல.

ஆனால் வரியை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பிற்பாடு வருந்துகிறார்கள். முதியவருக்கு வரும் சொற்ப வருமானத்தில் ராஜ்ய வரி எவ்வளவு மிச்சமாகிவிடும்? வயிற்றுவலி வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதல்லவா முதல் கேள்வி! 65 வயது நிரம்பியவருக்குக் கவலை குறைவு. மத்திய சர்க்காரின் மெடிகேர் திட்டம் நாடு முழுவதும் செல்லும். அதற்கு உட்பட்ட வயதினர் தாமாக வாங்கும் இன்ஷூரன்ஸோ அவர்களுடைய ஜில்லாவோடு கட்டுண்டது. ராஜ்ய எல்லையைத் தாண்டினால், அவசரச் சிகிச்சை தவிர மற்றதற்குப் பெரும்பாலும் கைப்பணம்தான். நாள்தோறும் எல்லை தாண்டுவதையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கு இப்படி ஓர் இன்ஷூரன்ஸ்! இதனாலேயே 65 ஆகாத பலர் தெற்கு டகோடாவை விட்டுப் புளோரிடாவை நாடுகிறார்கள்.

பழைய ராஜ்யமும் லேசில் விடாது. நியூயார்க் வரி அதிகாரிகள், போனவர் உண்மையில் போய்விட்டாரா என்று பார்க்க, அவருடைய அருமைப் பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று கூடத் துருவுவார்கள்.

இப்போது வழக்கு முற்றியிருப்பது ஓட்டு விஷயத்தில். 2023-ல் தெற்கு டகோடா சட்டசபை, ஓட்டராகப் பதிய 30 நாள் வாசம் வேண்டும் என்று சட்டம் செய்தது. லைசென்ஸுக்கு ஒரு ராத்திரி. ஓட்டுக்கு முப்பது நாள்! 2024 ஜூன் தேர்தலில், ஸூ ஃபால்ஸ் நகரில் தபால் கம்பெனி விலாசத்தில் பதிந்திருந்தவர்களின் ஓட்டுகள் நூற்றுக்கு மேல் ஆட்சேபிக்கப்பட்டன. 2025-ல் வந்த சட்டம், தபால் பெட்டியைத் தவிர வேறு இருப்பிடம் இல்லாதவர்கள் மத்தியத் தேர்தல்களில் மட்டும் ஓட்டுப் போடட்டும் என்று வகை செய்தது.

உள்ளூர்வாசிகளின் மனக்குறையை அலட்சியம் செய்வதற்கில்லை. பள்ளிக்கூட வரியை ஏற்றுவதா, ஷெரீப்பாக யாரை வைப்பதா என்பதை, அந்தத் தெருவில் கால் வைக்காதவர் எங்கோ பாலைவனத்திலிருந்து முடிவு செய்வது நியாயமல்ல. நகரத்துக்கும் ஜில்லாவுக்கும் உரிய ஓட்டை வண்டிவாசிகள் விட்டுக்கொடுக்கலாம். அதனால் அவர்கள் இழப்பது அதிகமில்லை.

கவர்னர் விஷயம் அப்படியா? வண்டி வரியை விதிப்பது ராஜ்ய சட்டசபை. பதிவுக் கட்டணம் அதன் சட்டம். லைசென்ஸ் அதன் கையில். இன்ஷூரன்ஸ் விதிகளிலும் அதற்குக் கை உண்டு. வரி வாங்கும்போது "நீ நம்மவன்" என்று தோளில் கை போட்டு, ஓட்டுப் பெட்டி அருகே வந்ததும் "நீ யார்?" என்று கேட்பது ஒரு சர்க்காருக்கு அழகல்ல. ஒரு ராத்திரி போதாது என்றால் லைசென்ஸுக்கும் போதாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை, சொன்னால் கட்டண வருமானம் போய்விடும்.

வெளிநாட்டில் குடியேறிய அமெரிக்கருக்கு, கடைசியாக வாழ்ந்த ராஜ்யத்தின் மூலம் மத்தியத் தேர்தலில் ஓட்டுப் போட 1986 சட்டம் உரிமை தந்திருக்கிறது. அது நாட்டை விட்டே போனவருக்கு வைத்த அளவு. தன் நாட்டுச் சாலையிலேயே வண்டியை நிறுத்திப் படுத்திருக்கும் கிழவிக்கும் அதே அளவுதானா? இரண்டு மாளிகை வைத்துக்கொண்டு ஆண்டில் பாதி நாள் வேறு ராஜ்யத்தில் இருக்கும் பணக்காரரின் ஓட்டை இப்படிப் பிளக்க யாரும் துணியவில்லை. அவருக்குச் சுவர் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தெற்கு டகோடா லைசென்ஸ் ஐந்து ஆண்டு செல்லும். புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கியதும் வண்டிகள் மறுபடியும் அந்தப் பக்கம் திரும்புகின்றன. கூடார மைதானத்தில் ஒரு ராத்திரி. காலையில் ஆபீஸ் ஜன்னலில் ஒரு ரசீது. அதை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.