ஒரு குரங்கைத் தவிர



போன மாதம் திருப்பூர் வாசகர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கடிதம் எழுதியிருந்தார். நம் இதழில் படித்ததை நம்பிக் குடும்பத்தோடு இரண்டு நாள் வால்பாறை போய்வந்தாராம். யானை இல்லை, சிறுத்தை இல்லை, புலியின் கால்தடம்கூட இல்லை. "ரோட்டோரம் உட்கார்ந்திருந்த ஒரு குரங்குக் கூட்டத்தைத் தவிர ஒன்றுமே பார்க்கவில்லை. குரங்கைப் பார்க்க நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறணுமா சார்?" என்று முடித்திருந்தார்.

எந்தக் குரங்கு என்று கேட்டுப் பதில் போட்டேன். மகள் செல்போனில் எடுத்த படம் வந்தது. கரிய முகம், அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். சோலைமந்தி! சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத விலங்கு. அதைப் பார்க்கக் கடல் கடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வாசகருக்கு அது ரோட்டோரத்திலேயே கிடைத்திருக்கிறது.

அவருக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டு, இந்தப் பக்கமாகிவிட்டது. இதழின் சிறப்புப் பகுதியும் வால்பாறை இருக்கும் ஆனைமலை என்று முடிவானது அப்படித்தான்.

உண்மையில் சோலைமந்தி ரோட்டோரம் உட்கார்ந்திருக்கக் கூடாது. மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில் வெடிப்பலாவும் அத்தியும் தின்று, தரையில் கால் வைக்காமலே நாளைக் கழிக்கக்கூடியது அது. வால்பாறையில் அது இறங்கிவந்த கதைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1890களில் தொடங்கி, காபிக்கும் தேயிலைக்குமாக அந்த மேட்டுநிலத்துக் காடு வெட்டப்பட்டது. தோட்டங்களுக்கு நடுவே சோலைகள் துண்டு துண்டாக மிஞ்சின. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் அப்படியொரு துண்டு. ஒரு சதுர கிலோமீட்டர்கூட வராது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மந்திகள். கிளைக்குக் கிளை எட்டாத இடத்தில் இறங்கித்தான் ரோட்டைக் கடக்க வேண்டும். கடக்கிறபோது வண்டியில் அடிபடுகின்றன. அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்யும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆட்கள் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். மந்திகள் அதில் கடப்பதைப் பார்க்க அத்தனை அழகு.

ஆனால் கீழே ஒருவர் வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டு நின்றால், எந்த மந்தி பாலத்தில் போகும்?

இதைக் கேட்க எனக்கு அருகதை உண்டா, தெரியவில்லை. இருபது வருடத்துக்கு முன் இதே ரோட்டில் வண்டியை நிறுத்தி, ஒரு தாய் மந்திக்கு பிஸ்கட் நீட்டியவன் நான். வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டி என்னையே பார்த்தது. ஏதோ புண்ணியம் சேர்த்த திருப்தியோடு பொள்ளாச்சிக்கு இறங்கினேன். எனக்குப் பின்னால் எத்தனை வண்டி நின்று நீட்டியதோ, எத்தனை வண்டி நிற்காமல் வந்ததோ!

வரையாட்டின் கதையும் இதற்குப் பக்கத்துக் கதைதான். ஆழியாற்றுக்கு மேலே வளைவுகளின் தடுப்புச் சுவரில், ஏதோ வீட்டு ஆடு மாதிரி நின்றுகொண்டிருக்கும். நம் மாநில விலங்கு. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் தவிர வேறெங்கும் கிடையாது. 2024இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு வந்த எண்ணிக்கை 1,031. நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரு வேளைப் பந்தியில் உட்காருகிற கூட்டம்தான் அது. வரையாட்டோடு செல்ஃபி எடுக்கச் சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டி அழைக்கிறவர்களை என்ன சொல்ல?

திருப்பூர் நண்பருக்கு நான் சொல்ல நினைத்தது, ஆனைமலையில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம் என்பதை. விடியற்காலையில் ஓடைப் பக்கம் யாரோ பையன் வேலைவெட்டி இல்லாமல் சீழ்க்கை அடிப்பதுபோல் கேட்டால், அது சீகாரப் பூங்குருவி. தலைக்கு மேலே பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏதோ போவதுபோல் கேட்டால் நிமிர்ந்து பாருங்கள், இருவாச்சி. அதன் இறக்கைச் சத்தம் அப்படி. முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை எச்சத்தால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவு இடைவெளி மட்டும்தான். மாதக் கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் பழம் சுமந்துவந்து ஊட்டுவது ஆண். அந்த ஆணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பவற்றின் கதி என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொந்து விழுகிற அளவுக்குப் பருத்த பழைய மரம் இல்லாவிட்டால் கூடும் இல்லை.

யானை பார்க்கவில்லை என்று நண்பர் வருந்துகிறார். தோட்டத் தொழிலாளர்களைக் கேட்டால், பார்க்காத நாள்தான் நல்ல நாள் என்பார்கள். ராத்திரியில் ரேஷன் கடைக் கதவையும் சத்துணவுக் கூடத்தின் சுவரையும் உடைத்து அரிசி தின்றுவிட்டுப் போகிற யானைகளோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்கள். அதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. யானை நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ளவர்களின் செல்போனுக்குச் செய்தி போகும். முக்கியமான இடங்களில் செல்போன் மூலமே எரியவைக்கும் சிவப்பு விளக்குகள் உண்டு. விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் நடக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டை முன்னின்று செய்த ஆனந்தகுமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்கள் முதலில் அந்த விளக்கைப் பார்ப்பதை நானே கவனித்திருக்கிறேன். நாம் ஜீப்பில் ஏறித் தேடுகிற யானையை அவர்கள் அப்படித் தவிர்க்கிறார்கள்.

(காட்டுமாடு பற்றி ஒரு வார்த்தை. ஊரே காட்டெருமை என்கிறது. அது எருமை இனமே இல்லை. இந்த இதழிலும் நாலு இடத்தில் காட்டெருமை நுழைந்து, நான் அடித்து, பிழை திருத்துபவர் மறுபடி எழுதி... மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு டாப்சிலிப். வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சறுக்கி விட்டதால் வந்த பெயர். அந்த மலையில் தேக்கைத் திரும்ப வளர்த்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. வனத்துறை 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 தடங்களில் சில ஆனைமலையிலும் உண்டு. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு மட்டும் போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம்; தீக்காலத்தில் தடத்தை மூடியிருந்தால் யார் சிபாரிசையும் தேடாதீர்கள். மழைக்காலமானால் அட்டைக்குக் காலுறை மறக்க வேண்டாம். எனக்கு அட்டை கடித்த கதையை வீட்டில் யாரும் இனி கேட்பதாயில்லை.

உள்ளே காடர் பழங்குடியினரின் குடியிருப்பு பற்றிக் கட்டுரை ஒன்று, இருவாச்சிப் படங்கள் எட்டுப் பக்கம், சின்னக்கல்லாற்று மழை பற்றி ஒரு பயணக் குறிப்பு. முதலில் காடர் கட்டுரையைப் படியுங்கள்.

திருப்பூர் நண்பரே, உங்கள் மகள் எடுத்த சோலைமந்திப் படத்தை, உங்கள் அனுமதியோடு, கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறோம். மறுபடி வால்பாறை போனால் புதுத்தோட்டத்தில் வண்டியை மெதுவாக விடுங்கள். போய்வந்து, இந்த முறை என்னென்ன காதில் விழுந்தது என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்