அட்டை பெட்டியில், நகை அடகில்!



மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளிப்போட்டு, நடுவே தேநீராகக் குடித்து வயிற்றைக் கெடுத்துக் கொள்வது நம் கடைவீதியின் வழக்கமாகிவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறோம். இரத்த வாந்தி எடுத்த பிறகுதான் குடல் மருத்துவரைத் தேடுகிறோம். அன்று கண்ணில் பட்ட மருத்துவமனையில் சேர, வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ பெட்டியில் உறங்குகிறது!

2012-ல் தொடங்கிய இத்திட்டம் 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 72,000 ரூபாயாக இருந்த வருமான வரம்பு 1,20,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. இது யாரும் போடும் பிச்சையல்ல. 'நமக்கெல்லாம் எங்கே தரப்போகிறார்கள்' என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டுப் புலம்புவது என்ன நியாயம்?

ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவமனை வாசலில் திட்டத்தின் பலகை தொங்கினால் எல்லா நோய்க்கும் அட்டை செல்லும் என்று பொருளல்ல. அங்கீகாரம் பிரிவுவாரியாகத்தான். இருதயத்துக்கு அனுமதி பெற்ற இடம் குடலுக்கும் பெற்றிருக்க வேண்டியதில்லை. சேருமுன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். வெளிநோயாளியாகப் பார்க்கும் மருத்துவர் கட்டணம் இதில் அடங்காது. எனவே முதலில் அரசு மருத்துவக் கல்லூரிக்கே செல்லுங்கள். சென்னை ஸ்டான்லியில் குடல் அறுவை சிகிச்சைக்குத் தனித்துறையே உண்டு. வரிசையில் நிற்க நமக்கென்ன வெட்கம்?

இளைஞர்களே! தெருவில் அட்டை இல்லாத வீடுகளைக் கணக்கெடுங்கள். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு அவர்களைக் கலெக்டர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கணவனை இழந்த பெண்களின் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.