பெற்றோர் கையில் விடப்பட்ட சட்டம்

2025 ஆகஸ்டில் வெளிவந்த ‘கூலி’ திரைப்படத்துக்குத் தணிக்கை வாரியம் வயது வந்தோருக்கு மட்டுமே உரிய ‘ஏ’ சான்றிதழை வழங்கியதும், அதை மாற்றித் தரவேண்டுமென்று தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியதும், அம்மனு தள்ளுபடியானதும் வாசகர்கள் அறிந்த விஷயங்களே. ரஜினிகாந்த் படமென்றால் பாட்டி முதல் பேரன் வரை குடும்பமே கிளம்பிவிடுகிற நாட்டில், அதைக் காணமுடியாமற்போன பிள்ளைகளின் ஏமாற்றம் எவருக்கும் வருத்தம் தருவதுதான். ஆயினும் நீதிமன்றத்தின் முடிவு நியாயமானதென்பதே என் அபிப்பிராயம்.

‘ஏ’ படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப இயலாது; குழந்தைகளோடு வரும் கூட்டமும் கைவிட்டுப் போகும். ஆகவே சில காட்சிகளைக் கத்தரித்தேனும், பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகளும் காணக்கூடிய ‘யுஏ’ சான்றிதழைப் பெற்றுவிடத் தயாரிப்பாளர் விழைகிறார். ஆனால் அவ்வாறு கத்தரிக்கப்படுவன பெரும்பாலும் இரத்தத் துளிகளும் வசைச் சொற்களுமே. கொலையைக் கொண்டாட்டமாகக் காட்டும் படத்தின் சுபாவம் அப்படியே நின்றுவிடுகிறது.

1983 முதல் 12 வயது என்னும் ஒரே கோட்டோடு இருந்துவந்த ‘யுஏ’ பிரிவை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 7, 13, 16 என்று மூன்றாகப் பகுத்தது. ஏழு வயதுக் குழந்தையின் மனமும் பதினைந்து வயதுப் பிள்ளையின் மனமும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்ட வகையில் அது விவேகமான காரியம். எனினும், பிரிட்டனில் 15 என்று குறிக்கப்பட்ட படத்துக்குப் பெற்றோரே அழைத்து வந்தாலும் அவ்வயது நிரம்பாத பிள்ளையைக் கொட்டகைக்காரர் உள்ளே விடலாகாது என்றிருக்க, இங்கே ‘யுஏ 16+’ என்ற குறியை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் மட்டுமே உரியதென்று அத்திருத்தமே விதித்துவிட்டது. எனவே தாய் தந்தையரின் ஜாக்கிரதை ஒன்றே சட்டமாகிவிடுகிறது.

அந்த ஜாக்கிரதை எந்த ஸ்திதியில் இருக்கிறதென்பதை எந்த இரவுக் காட்சியிலும் பிரத்தியட்சமாகக் காணலாம். திரையில் அரிவாள் உயர்ந்தவுடன், மடியிலிருக்கும் மகனின் கண்களைத் தந்தை உள்ளங்கையால் பொத்துகிறார். காதுகளோ திறந்தே இருக்கின்றன. நாற்காலியே அதிரும்படி நாற்புறமிருந்தும் எழும் ஒலியில் எலும்பு முறிவதையும் ஒருவன் அலறுவதையும் கேட்கும் அக்குழந்தை, காணாத காட்சிக்குத் தன் கற்பனையிலே கொடுத்துக்கொள்ளும் உருவம் திரையில் இருப்பதைக் காட்டிலும் கோரமானதாக இருத்தலும் கூடுமன்றோ? வீட்டிலானால் தொலைக்காட்சியை நிறுத்திவிடலாம். இங்கோ, வரிசையின் நடுவே அகப்பட்டுக்கொண்ட பெற்றோர், கொடுத்த காசையும் பக்கத்திலிருப்போரின் முணுமுணுப்பையும் எண்ணி உட்கார்ந்தே விடுகிறார்கள்.

அவர்களை மட்டும் கடிந்துகொள்வதற்கு எனக்கு மனமில்லை. எண்ணைச் சொல்லும் சான்றிதழ் காரணத்தையும் சொல்லவேண்டும். சித்திரவதை உண்டா, போதைப் பழக்கம் உண்டா, குழந்தை கடத்தப்படும் காட்சி உண்டா என்று அறிந்தாலன்றித் தன் பிள்ளைக்கு எது தாங்கும், எது தாங்காது என்று தாய் எவ்வாறு நிர்ணயிப்பாள்? படத்தை முழுதும் பார்த்துத் தீர்மானித்த வாரியத்துக்கு அக்காரணங்கள் தெரிந்தவையே. அவற்றைச் சுவரொட்டியிலும், டிக்கெட் கொடுக்குமிடத்திலும், கைப்பேசியில் முன்பதிவு செய்யும் பக்கத்தில் பணம் கட்டுவதற்கு முன்பும், எளிய தமிழில் இரண்டே வரிகளாகப் போடச்செய்வதில் அரசுக்கு என்ன சிரமம் இருக்கிறது?