பூட்டிய தரவு யாரைக் காத்தது?

மருத்துவ ஆய்வுத் தரவு அதைத் திரட்டிய நிறுவனத்தின் சொத்து, வெளியே விட்டால் அயல்நாட்டார் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. நாட்டுப்பற்றின் பெயரால் சொல்லப்படுவதால் அதை மறுத்துப் பேசவே பலரும் தயங்குகிறார்கள். ஆனால் புனே வட்டாரத்தில் கொரோனா காலத்தில் நடந்தவையே அந்த எண்ணத்தைப் பொய்யாக்குகின்றன. 2021 டிசம்பர் 5 அன்று, புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வடில் 6 பேருக்கு ஒமைக்ரான் தொற்று உறுதியானது. அந்த உருமாற்றத்தைப் பற்றித் தென்னாப்பிரிக்கா உலக சுகாதார அமைப்புக்குத் தெரிவித்ததே நவம்பர் 24-ல்தான். பதினோரு நாளில் இங்குள்ளவர்கள் அதை இனம்கண்டது, அதன் மரபணு வரிசையை அந்நாட்டு ஆய்வாளர்கள் ஒளிக்காமல் பொதுவில் வைத்ததால்தான்.

அதற்கு முன்பும் இப்படித்தான். சீனாவின் ஜாங் யோங்ஜென் குழு 2020 ஜனவரி 11 அன்று கொரோனா வைரஸின் மரபணு வரிசையை வெளியிட்டது. ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் தொற்றைப் புனே தேசிய வைராலஜி நிறுவனம் உறுதிசெய்தது, அப்படி வெளியான வரிசைகளைக் கொண்டு சரிபார்க்கப்பட்ட பரிசோதனை வழியாகத்தான். பிறகு அதே நிறுவனம் தான் பிரித்தெடுத்த வைரஸை பாரத் பயோடெக்கிடம் கொடுத்தது, கோவாக்சின் பிறந்தது. கொடுத்ததால் புனே எதையும் இழக்கவில்லை.

பூட்டி வைத்தபோது என்ன ஆனது? டெல்டா உருமாற்றத்தையும் உள்ளடக்கிய வைரஸ் கிளையின் முதல் மாதிரிகள் 2020 அக்டோபரிலேயே இந்தியாவில் எடுக்கப்பட்டவை. மகாராஷ்டிர மாதிரிகளில் 15 முதல் 20 விழுக்காட்டில் அந்தக் கிளையில் கண்ட இரட்டை உருமாற்றம் இருப்பதாக மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தபோது 2021 மார்ச் 24 ஆகிவிட்டது. ஏப்ரல் இறுதியில், மயானங்களில் இடமில்லாத நாட்களில், நூற்றுக்கணக்கான இந்திய விஞ்ஞானிகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வசமிருந்த பரிசோதனைத் தரவைத் தங்களுக்குத் திறந்துவிடக் கோரிப் பிரதமருக்கு எழுதினார்கள். பூட்டு தடுத்தது அயலாரை அல்ல, நம்மவரை. மக்கள் வரிப்பணத்தில், மக்களின் மூக்கிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் எடுத்த தரவு அது. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தன் பறவைக் காய்ச்சல் மாதிரிகளிலிருந்து உருவாகும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாது என்று 2007-ல் இந்தோனேசியா மாதிரிகளைத் தர மறுத்தது. அந்தக் கோபம் நேர்மையானது. ஆனால் அது 2011-ல் முடிந்தது பூட்டில் அல்ல, மாதிரி தருபவருக்கும் பலனில் பங்கு உண்டு என்ற உலக உடன்பாட்டில். உண்மையைச் சொன்ன தென்னாப்பிரிக்காவைப் பயணத் தடையால் தண்டித்ததும் அநீதியே. குற்றம் தடை விதித்த நாடுகளுடையது. அதற்காக அடுத்த நாடு மௌனம் காத்தால் சாவது எளிய மக்கள். உழைத்தவர் பெயர் மறைந்துபோகும் என்ற அச்சத்துக்கும் வழி இருக்கிறது. தரவைப் பயன்படுத்துவோர் அதைத் தந்தவரைப் பெயர்சொல்லி அங்கீகரித்தே தீரவேண்டும் என்ற நிபந்தனையோடு ஜிசைட் என்ற வைரஸ் மரபணுக் களஞ்சியம் 2008 முதல் இயங்குகிறது. நோயாளியின் அந்தரங்கம்தான் உண்மையில் கவலைக்குரியது. மனித மரபணுவை வைரஸ் வரிசைபோலத் திறந்துபோட முடியாது. ஆனால் 10,000 இந்தியர்களின் மரபணுத் தரவு 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையத்தின் வழியே, அனுமதி பெறும் ஆய்வாளர்களுக்கு மட்டும் கிடைக்கும்படி வெளியானதே! விதி வகுத்துப் பகிர முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

ஆகவே, அரசுப் பணத்தில் ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் எந்தத் தரவை, எந்த நாளுக்குள், எந்தக் களஞ்சியத்தில் வைக்கும் என்பதை நிதி வழங்கும்போதே எழுதி வாங்க வேண்டும். தவறினால் அடுத்த தவணையை நிறுத்த வேண்டும்.