முதல் சோதனையை மறைக்காதே!

பாயிலரின் சேப்டி வால்வு மாதக்கணக்கில் மூடியே கிடக்கிறது. வால்வின் தட்டு, அது உட்காரும் இடத்தோடு துருவாலும் படிவாலும் பற்றிக்கொள்கிறது. 10 கிலோ அழுத்தத்தில் திறக்க வேண்டியது, அந்தப் பிடிப்பு விடும்வரை திறக்காது. ஒருமுறை திறந்துவிட்டாலோ பிடிப்பு போய்விடும்; இரண்டாம் சோதனையில் ஒழுங்காகத் திறக்கும்! ரிஜிஸ்தரில் நிர்வாகம் எழுதுவது எந்தச் சோதனையை? துடைத்துச் சுத்தம் செய்தபின் வந்த எண்ணைத்தானே?

1982 ஜூலையில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஹாட்ச் அணுமின் நிலையத்தில் இப்படி ஒட்டிக்கொண்ட வால்வுகள் குறித்த அழுத்தத்தில் திறக்கவில்லை. அணுமின் நிலையத்துக்கே அந்தக் கதி; சாயப்பட்டறை பாயிலர் எம்மாத்திரம்?

பாயிலரடியில் நிற்பவர் முதலாளியல்ல, பயர்மேன். வால்வைக் கழற்றியதும், துடைக்குமுன், முதல் சோதனை நடக்கட்டும். அந்த எண்ணைத் தொழிற்சங்கத்தின் முன் வையுங்கள்!