குருவானவர் வராத ஞாயிறுகள்

பெரிய வெள்ளி இரவில் மலாக்கா செயின்ட் பீட்டர் தேவாலயத்தில் இறந்த இயேசுவின் சுரூபம் தோளில் ஏறுகிறது. சுற்றிலும் மெழுகுதிரி ஏந்திய கூட்டம். ஏற்பாடு முழுவதும் இர்மாங் டி கிரேஜா என்ற சபையார் கையில். மலாக்கா போர்ச்சுகீசிய வம்சாவளியினர் பேசும் கிறிஸ்தாங் மொழியில் அதற்குக் கோவில் சகோதரர்கள் என்று பொருள். அவர்கள் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிற சாதாரண ஆட்கள்.

இந்தச் சபையின் வேர் ஐரோப்பாவின் 13, 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இருக்கிறது. லத்தீன் பூசையைத் தள்ளி நின்று பார்த்ததோடு வணிகர்களுக்கும் நெசவாளர்களுக்கும் மனம் நிறையவில்லை. பக்தசபைகளாகக் கூடினார்கள். சந்தா கட்டினார்கள், நோயாளியைப் பார்த்தார்கள், இறந்த உறுப்பினரைச் சுமந்து போய் அடக்கம் செய்து அவர் ஆன்மாவுக்காகச் செபித்தார்கள். ஏழைப் பெண்ணுக்குச் சீதனமும் சேர்த்தார்கள். புளோரன்சின் மிசெரிகோர்தியா தன் தொடக்கத்தை 1244 என்கிறது. லிஸ்பனில் அரசி லியோனோர் ஆதரவில் 1498இல் அதே பெயரில் ஒரு சபை எழுந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் மலாக்கா போர்ச்சுகீசியர் வசமானது. பீரங்கி வந்த கப்பல் வழியே சபையும் வந்தது.

புத்தகமும் வந்தது. வீட்டில் வைத்து வாசிக்கும் செப நூல்களும் புனிதர் கதைகளும் அக்கால ஐரோப்பியக் குடும்பங்களின் ஆசை. அந்த ஆசை தமிழில் அச்சேறியது: போர்ச்சுகீசிய இயேசு சபைக் குரு அன்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல், 'அடியார் வரலாறு' 1586இல். தமிழ் அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

1641இல் டச்சுக்காரர் மலாக்காவைப் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாடு ஒடுக்கப்பட்டது. விசுவாசம் வீட்டுக்குள் ஒதுங்கியது. செயின்ட் பீட்டர் தேவாலயம் எழுந்தது 1710இல்தான். இடையில் கழிந்தது ஏறத்தாழ மூன்று தலைமுறை. யாழ்ப்பாணத்திலும் இதே கதை: 1658இல் டச்சு ஆட்சி, 1687இல்தான் பிச்சைக்காரர் வேடத்தில் யோசேப் வாஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். அதுவரை செபம் சொல்லிக் கொடுத்து விசுவாசத்தைக் காத்தவர்கள் ஊராரே. பின்னால் இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ராகம் போட்டு வாசிப்பவர்களும் பொதுநிலையினரே.

மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் கிறிஸ்தவனுக்கும் குருவில்லாத இந்த வாழ்க்கை பழக்கமாகவே இருந்தது. குருவானவர் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரோ, எழுத்துத் தெரிந்த ஒரு பெரியவரோ செபமாலையைத் தொடங்குவார். பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெண்கள் பதில் சொல்வார்கள். திருச்சபை வரலாறுகள் குருக்களையும் கட்டடங்களையும் வரிசைப்படுத்துகின்றன; இந்தப் பெரியவர்களுக்கு அவற்றில் ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது. பெரும் அநீதி இது. பல நூற்றாண்டு மரபின் தமிழ்க் கண்ணி அவர்கள்.

ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன, லயங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. செபம் எழுதிய நோட்டுகள் இன்னும் சில வீட்டுப் பெட்டிகளில் கிடக்கலாம். ஜாசின், அலோர் காஜா பக்கத்து வாசகர்கள் அவற்றைத் தேடி எடுத்துப் படியெடுத்து இவ்விதழுக்கு அனுப்ப வேண்டும். சிலுவைப் பாதையை யார் சொன்னார், எந்த மரத்தடியில் கூடினார்கள், சாகக் கிடந்த பிள்ளைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தது எந்தப் பாட்டி என்பதையும் கூடவே எழுதி அனுப்புங்கள்.