சில்க் போர்டில் பட்டுப்புழு எங்கே?

சந்தாபுராவிலிருந்து பெங்களூர் நகருக்குள் வேலைக்குப் போகிறவர்கள் ‘சில்க் போர்டு’ என்ற பெயரைப் பெருமூச்சு விடாமல் சொல்வதில்லை. ஓசூர் சாலை நெரிசலுக்கே அது மறுபெயராகிவிட்டது. மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் அங்கே இருப்பதால் வந்த பெயர் அது. அந்தச் சந்திப்பில் தினமும் காத்துக் கிடக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் உயிருள்ள பட்டுப்புழுவைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள்?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் பெங்களூரில் இப்போது அரிதல்ல. சந்தாபுரா இருக்கும் ஆனேக்கல் வட்டத்து அடுக்ககங்களிலும் இருக்கிறார்கள். விலங்குகளைப் பற்றிச் சொல்லித்தர அவர்களுக்குக் கிடைக்கும் ‘செய்முறை’களைப் பார்த்தால் சலிப்பு வருகிறது. காகிதத் தட்டில் சிங்கமுகம், களிமண்ணில் பென்குயின், முட்டை அட்டையை வெட்டிக் கம்பளிப்புழு, பஞ்சு ஒட்டி வெள்ளைச் செம்மறி. பிள்ளையின் கை சுறுசுறுப்பாக இருக்கும், வீடும் குப்பையாகும். ஆனால் அது கைவேலை வகுப்புதான். விலங்கு அங்கே வரவே இல்லை. பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப் போனால் வண்டிக்குள் இருந்தபடி சிங்கத்தையும், 2006இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம். நல்லதுதான், ஆனால் அன்றோடு முடிந்தது.

ஒரு செய்முறை உண்மையானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: அது தோற்றுப்போக வாய்ப்பிருக்க வேண்டும். காகிதச் சிங்கம் பட்டினி கிடக்காது, சாகாது. நாம் வசதிப்பட்ட நேரத்தில் எடுத்து, அலுத்தபோது வைத்துவிடலாம். உயிர் அப்படி விடாது. தன் நேரத்தை நம்மேல் சுமத்தும்.

இந்த அளவுகோலுக்குப் பட்டுப்புழுவைப்போல் பொருந்தும் உயிர் இந்தப் பகுதியில் வேறில்லை. அது காட்டுயிர் அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர் கையில் வளர்ந்து, பறக்கவும் மறந்துபோன பூச்சி. சட்டச் சிக்கல் இல்லை. (கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் நட்சத்திர ஆமையைத் தொட்டியில் விடுவதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘விலங்கு நேயம்’ கற்பிக்கும் வீடுகளிலும் இது தெரிவதில்லை.) முட்டையிலிருந்து வந்த புழு ஏறக்குறைய இருபத்தைந்து நாளில் நான்கு முறை தோல் உரித்து, பத்தாயிரம் மடங்கு எடை கூடி, கூடு கட்டும். வாழ்நாளில் தின்னும் இருபது கிராம் சொச்சம் மல்பெரி இலையில் பெரும்பகுதியைக் கடைசி ஒரு வாரத்தில் தின்றுவிடும். இருபது புழு வளர்க்கும் வீட்டுக்கு மொத்தம் அரைக் கிலோ இலை போதும். ஆனால் அந்த வாரம் உறவினர் கல்யாணத்துக்குப் போக முடியாது.

இலை சேகரிப்பதே ஒரு பாடம். மருந்தடித்த தோட்டத்து இலையானால் புழு சாகும். வீட்டில் கொசுவிரட்டி போட்டாலும் சாகும், ஏனென்றால் கொசுவைக் கொல்வதற்காகச் செய்த வேதிப்பொருளுக்குப் பட்டுப்புழுவும் பூச்சிதான். சந்தாபுராவில் இது லேசான நிபந்தனை அல்ல. இங்கே ஏரி கெட்டுக் கிடந்த கதை ஊரறிந்தது. அதைக் காக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. சாக்கடை கலந்து தேங்கிய நீர் கியூலெக்ஸ் கொசுவுக்குத் தொட்டில். ஆக, “ஏன்மா கொசுவிரட்டி போடக் கூடாது?” என்று கேட்கும் பிள்ளையைப் புழுத்தட்டிலிருந்து கொசுவுக்கும், கொசுவிலிருந்து ஏரிக்கும், ஏரியிலிருந்து தீர்ப்பாயத்துக்கும் கூட்டிக்கொண்டு போக முடியும். எந்தப் பாடநூலும் இவற்றை ஒரே அத்தியாயத்தில் வைக்காது. வலைத்துணி கட்டிய கண்ணாடிச் சீசாவில் கொசுப்புழுவையும் விட்டு வைத்தால், ஒரு வாரம் பத்து நாளில் அது கொசுவாவதையும் பார்க்கலாம். பிறகு பால்கனிப் பூந்தொட்டித் தட்டில் நீர் தேங்குகிறதா என்று பிள்ளையே போய்ப் பார்க்கும்.

படிப்பாளிகளும் இப்படித்தான் கற்றார்கள். 1865இல் பிரான்ஸின் பட்டுத்தொழிலை அழித்துக்கொண்டிருந்த நோயை ஆராயப் போன லூயி பாஸ்தர் அதுவரை பட்டுப்புழுவைத் தொட்டதில்லை. அவிஞ்ஞோனில் இருந்த பூச்சியியலாளர் ழான் ஆன்ரி ஃபேபரிடம் கூடு ஒன்றை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். ஃபேபரே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாஸ்தர்தான் முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இருந்தால் அதன் முட்டைகளை அழிக்கும் முறையை நிலைநாட்டினார். நம்மூர்ப் பட்டுப்புழு முட்டை நிலையங்களில் இன்றும் அதுதான் முறை.

வீட்டுக்கல்விக்கு உள்ள ஒரே பெரிய அனுகூலம் நேரம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது ஆகியிருந்தால் போதும். அதுவரை யாரும் மணியடித்து வகுப்பை மாற்றுவதில்லை. ஆனால் புழு எங்கே கிடைக்கும்? இளம்புழு மையங்கள் விவசாயிக்கு மொத்தமாகத்தான் தரும், இருபது புழுவை அங்கே விற்பதில்லை. இலையையும் புழுவையும் கேட்டு, பட்டு வளர்க்கும் விவசாயியின் வாசலுக்குத்தான் போக வேண்டும். இருபது கிலோமீட்டருக்குள் ஓசூரில் வாரியத்தின் மரபுவள மையம் நூற்றுக்கணக்கான பட்டுப்புழு இனங்களைக் காத்து வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கென்று இருபது புழுவும் வளர்ப்புக் குறிப்பும் உள்ள சின்னப் பெட்டி ஒன்றை வாரியம் விற்றால் என்ன குறைந்துவிடும்? வாங்க வீட்டுக்கல்விப் பெற்றோர் மட்டுமல்ல, பள்ளிகளும் வரும்.

கூடு கட்டி முடித்தபின் வருகிறது கடினமான நாள். அந்துப்பூச்சி வெளியே வந்தால் நூல் அறுபடும், அதனால் அதற்கு முன்பே கூட்டுப்புழுவைச் சூட்டில் கொன்றுவிடுகிறார்கள். பிள்ளை கேட்கும்போது பல பெற்றோர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். தீபாவளிக்குப் பட்டுப்பாவாடை வாங்கித் தருகிற வீட்டில் இதை மறைக்க என்ன இருக்கிறது? ஒரு கூட்டை வெந்நீரில் போட்டு நூல் பிரித்துக் காட்டலாம். வேண்டாம் என்று அழுகிற பிள்ளையின் கூட்டை விட்டுவிடலாம். வாய் இருந்தும் தின்னாத வெள்ளை அந்துப்பூச்சி அதிலிருந்து வரும், பெண்ணானால் நானூறு முட்டை வரை இடும், சில நாளில் இறந்துபோகும். அந்த ஓட்டைக்கூட்டையும் பஞ்சுபோல் நூற்று நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹைதராபாத்தின் குசுமா ராஜய்யா இப்படிக் கொல்லாமல் பட்டு எடுக்கும் முறைக்குக் காப்புரிமையே வாங்கியிருக்கிறார். அந்தத் துணியில் பளபளப்பு குறைவு, விலை கூடுதல். இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த பாவாடை எதில் என்று பிள்ளையே சொல்லட்டும்.